வெங்காய வேரும் அடிபம்புத் தண்ணீரும்

வெங்காயத்தைக் குழம்பில் போடாமல் சீசாவின் வாயில் உட்கார வைத்துச் சம்பளம் வாங்கியவன் நான். பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரி, அதில் தாவரவியல் ஆய்வகம், அதில் அட்டெண்டர். பெயர் ஏழுமலை. மாணவர்களுக்கு ஏழுமலை அண்ணன்.

போன மாதம், இப்போது அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். "செல் பிரியறத இப்ப திரையிலயே காட்டிடறாங்கண்ணா. வெங்காயம் வாங்கறதே இல்ல. அந்தக் காலத்துல நீங்க எப்படிச் செஞ்சீங்கன்னு துறை மலருக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். எழுதலாம். எழுத உட்கார்ந்தால் வலது கட்டை விரலின் கணு வலிக்கிறது. கண்ணாடிச் சில்லை அழுத்தி அழுத்தித் தேய்ந்த கணு அது. திரையில் காட்டுவது நல்லதுதான். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவருடைய கட்டை விரல் பிழைத்தது.

என் அப்பா கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நான் எட்டாவது வரை படித்தேன். அறுபதுகளின் நடுவில் கல்லூரி வந்தபோது தோட்டவேலைக்குப் போனேன். ஒரு வருஷத்தில் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு சீசா கழுவும் பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். மற்றபடி நான் கற்றதெல்லாம் ஆய்வகக் கதவோரம் நின்று காதால் கற்றது. ஒரே பாடத்தை வருஷத்துக்கு நாலு பேட்சுக்கு நடத்தினால் கதவுக்கே மனப்பாடம் ஆகிவிடும், எனக்கு ஆகாதா?

வெங்காய வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உயிருள்ள எதுவும் வளர வேண்டும் என்றால் அதன் செல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டும். அதை மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். உடம்பில் எங்கே வேகமாகப் பிரிகிறதோ அங்கேதான் பார்க்க முடியும். வெங்காய வேரின் நுனி அப்படிப்பட்ட இடம். எள்ளளவு நுனி. அதற்கு மேலே போனால் செல்கள் நீளுமே தவிரப் பிரியாது.

பழைய வெங்காயமாகப் பொறுக்க வேண்டும். அடியில் காய்ந்து கிடக்கும் வேர்களை பிளேடால் சுரண்டவேண்டும், அடித்தட்டில் காயம் படக்கூடாது. வாய் அகன்ற சீசாவில் தண்ணீர் நிரப்பி, அடி மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி வெங்காயத்தை மேலே உட்கார வைக்க வேண்டும். தினமும் காலையில் தண்ணீர் மாற்ற வேண்டும். ஆய்வக ஜன்னலில் வரிசையாக இருபது, முப்பது சீசா இருக்கும். கல்யாணமான புதிதில் என் மனைவி சரோஜா சாப்பாடு கொண்டுவந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "கொழம்புக்குப் போவ வேண்டியதுக்கு வந்த வாழ்வப் பாரேன். ஆளுக்கு ஒரு நாக்காலி" என்றாள்.

மூன்று நாளில் வெள்ளை வேர் விரற்கணு நீளம் வந்துவிடும். பிறகு நேரம். வேர் நாள் முழுக்க ஒரே வேகத்தில் பிரிவதில்லை. எங்கள் துறைத்தலைவர் தாமோதரன் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை அரை மணிக்கு ஒரு வேர் நறுக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்துக் கணக்கெடுத்தார். எங்கள் ஊர் வெயிலுக்குக் காலை எட்டரையிலிருந்து ஒன்பதுக்குள் நறுக்க வேண்டும் என்று அன்று முடிவானது. நறுக்கிய நுனியை, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஸ்பிரிட்டும் கலந்த சின்னக் குப்பியில் போட வேண்டும். போட்ட நொடியில் செல் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே செத்து நின்றுவிடும். ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்து யாரோ ‘அப்படியே நில்’ என்று சொன்ன மாதிரி.

மறுநாள் அந்த நுனியைச் சிவப்புச் சாயத்தில் போட்டு, ஒரு சொட்டு அமிலம் விட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் லேசாகக் காட்ட வேண்டும். ஆவி வரலாம், கொதிக்கக்கூடாது. சாயமும் நான்தான் காய்ச்சுவேன், அதில் துருப்பிடித்த ஊசி ஒன்றைப் போட்டு வைத்தால் சிவப்பு இன்னும் ஏறும். என் நகங்கள் எப்போதும் சிவப்பாக இருந்ததால் சரோஜாவின் சொந்தக்காரர்கள் நான் மருதாணி வைத்துக்கொள்கிற ஆள் என்று கொஞ்ச காலம் நம்பினார்கள். பிறகு சாயம் ஏறிய நுனியை மட்டும் வெட்டிக் கண்ணாடியில் வைத்து, மேலே மெல்லிய சில்லை மூடி, மை ஒற்றும் தாளை மடித்து வைத்து, கட்டை விரலால் நேர்கீழாக ஒரே அழுத்து. விரல் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் சுருண்டு போகும். அதற்கு முன்னால் செய்த நாலு நாள் வேலை அந்த ஒரு அழுத்தில் இருக்கிறது.

இனிப் பார்ப்பது. நான் முதல் முறை பார்த்தபோது, "ஒண்ணுமே தெரியலியே சார், எல்லாம் பொட்டு வச்ச கட்டம் கட்டமா சும்மா கீது" என்றேன்.

தாமோதரன் சார் சிரிக்கவில்லை. "சும்மா இருக்கற மாதிரி தெரியறதுதான் நெறைய நேரம். அதுக்குப் பேரு இடைநிலை. அந்த நேரத்துலதான் அது வளருது. உள்ள இருக்கற நூல் ஒவ்வொண்ணுக்கும் நகல் எடுத்துக்குது. எல்லாம் ரெண்டு ரெண்டா ஆன பிறகுதான் பிரியவே ஆரம்பிக்கும். பிரியறது கொஞ்ச நேரம். ஏற்பாடு ரொம்ப நேரம்" என்றார்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார். பொட்டு கலைந்து நூல் நூலாகத் தெரிந்தால் அது முதல் நிலை. அந்த நூல்கள் குட்டையாகத் தடித்து, செல்லின் நடுவில் வரிசை கட்டி நின்றால் நடுநிலை, மாணவர்கள் மெட்டாபேஸ் என்பார்கள். அடுத்ததில், ஒவ்வொரு ஜோடியும் பிரிந்து, பாதி மேலேயும் பாதி கீழேயுமாக இழுபட்டுப் போகும். எனக்கு அதைப் பார்த்தால் புதுவாயல் கூட்டு ரோட்டில் ஒரே பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆட்கள் ரெண்டு பக்கமும் பிரிந்து நடப்பது போல இருக்கும். கடைசி நிலையில் ரெண்டு கூட்டமும் தனித்தனிப் பொட்டாகிவிடும். நடுவில் ஒரு சுவர் எழும்பும். ஒரு வீடு ரெண்டு வீடாகிவிட்டது. ரெண்டும் மறுபடி சும்மா இருக்க ஆரம்பிக்கும், அதாவது வேலை செய்ய ஆரம்பிக்கும்.

வேலையில் அலுப்புத் தட்டிய நாட்களில் நான் அந்த இடைநிலையை நினைத்துக்கொள்வேன். நான் செய்வதை யாரும் பார்ப்பதில்லை, சரிதான், வெங்காயத்தையும்தான் பார்ப்பதில்லை.

தாமோதரன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அட்டெண்டரை ‘நீங்க’ என்று சொன்ன ஒரே ஆள் அந்தக் கல்லூரியில் அவர்தான். தப்பு நடந்தால் ‘ஏன்’ என்று கேட்கவே மாட்டார். ‘எப்ப, எங்க, எவ்வளவு’ என்பதுதான் அவருடைய கேள்வி. பதில் வரும்வரை பென்சிலின் கூர்முனையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நிற்றல் இருக்கிறதே, அதற்குத் திட்டே தேவலை. மாணவர்களிடம் அவர் ஓயாமல் சொன்னது ஒன்றே ஒன்று: "கண்ணுல பட்டத வரைங்க. புத்தகத்துல இருக்கறத வரையறதுக்கு நுண்ணோக்கி எதுக்கு?"

தண்ணீர் விஷயத்திலும் அவர் ஒரு விதி வைத்திருந்தார். கல்லூரி வளாகத்தில் அடிபம்பு ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் அதில் நல்ல தண்ணீர் வரும். பங்குனி பிறந்தால் உப்பு ஏறிவிடும். கடல் பக்கம்தானே. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று விடுதிச் சமையல்காரர் புலம்புவார். உப்பு பட்டால் வேரின் செல்லும் பிரியாது என்பார் சார். அதனால் வெங்காயத்துக்கு வருஷம் பூராவும் ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீர்தான். அது ஒன்றரை மைல். சைக்கிள் கேரியரில் ரெண்டு டின் கட்டிக்கொண்டு நான்தான் போய் வருவேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஏப்ரல். பட்டப்படிப்புக் கடைசி வருஷச் செய்முறைப் பரீட்சை. அந்த வருஷம் பதின்மூன்று பேர். அதில் ஒரே பெண் கன்னியம்மா. பழவேற்காடு ஏரிக்குள்ளே இருக்கும் ஒரு குப்பத்திலிருந்து வந்தவள். காலையில் படகு, அப்புறம் பஸ், அப்புறம் நடை. அவள் நைனா இறால் பிடிக்கிறவர். "பரீட்சையில ஒரு தடவ தவறினா மறுபடி அனுப்ப மாட்டேன்னுட்டாருண்ணா. ஊட்ல வலை பின்றதுக்கு ஆள் கொறையுதாம்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். சொல்லும்போது அவள் அழவில்லை. படகு நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். தேறினால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்துகொண்டிருந்த தொழிற்சாலைகளில் ஏதாவதொரு சோதனைக்கூடத்தில் சேர்ந்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

எனக்கும் அந்த வருஷம் ஒரு விஷயம் காத்துக்கொண்டிருந்தது. பத்து வருஷம் தற்காலிகமாகவே இருந்த என்னை நிரந்தரமாக்கும் கோப்பு முதல்வர் மேசைக்குப் போயிருந்தது. ஜூனில் கையெழுத்தாகும் என்றார்கள்.

பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் வெங்காயம் வைக்க வேண்டும். அந்த வாரம் முழுக்கக் காலையில் ஒரு பேட்ச், மதியம் ஒரு பேட்ச். நுண்ணோக்கி துடைப்பது, சில்லு கழுவுவது, நோட்டுகள் தூக்குவது. கால் ரெண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. அன்று பார்த்து சைக்கிள் பஞ்சர். நடந்து போய் டின்னைத் தோளில் வைத்துக் கொண்டுவந்திருக்கலாம். ஒன்றரை மைல்தான். நான் போகவில்லை. அடிபம்பில் அடித்தேன். இந்த வருஷம் கோடையில் ஒரு மழை பெய்ததே, உப்பு இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாக்கில் வைத்துப் பார்க்கக்கூட இல்லை. மறுநாளும் அதே தண்ணீர், அதற்கு மறுநாளும் அதே. ஒரு தரம் சறுக்கிய கால் அப்புறம் அந்த வழியிலேயே நடக்கிறது.

வேர் வந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. வெங்காயத்தின் அடித்தட்டுக்குள் வேர் முன்கூட்டியே முளையாக இருக்கிறது. இருக்கிற செல்கள் தண்ணீர் குடித்து நீண்டாலே வேர் வெளியே வந்துவிடும். புதுச் செல் பிரிந்துதான் நீள வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் குட்டையாக இருந்தது, வெள்ளையாக இருந்தது. வழக்கமாக நறுக்குவதற்கு முந்தின நாள் தாமோதரன் சார் ஜன்னலோரம் வந்து வேரைப் பார்ப்பார். அந்த முறை வெளித் தேர்வாளருக்குத் தங்க இடம் ஏற்பாடு செய்யப் போனதால் வரவில்லை. நான் எட்டரைக்குச் சரியாக நறுக்கினேன். நேரத்தில் ஒரு குறையும் இல்லை.

பரீட்சையன்று காலை. வெளித் தேர்வாளர் சென்னையிலிருந்து வந்தவர். கனத்த உடம்பு, தடித்த கண்ணாடி, ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. பத்து நாளாகத் தினம் ஒரு ஊர் என்று உட்காரும்போதே பெருமூச்சு விட்டார். தாமோதரன் சார் ஹாலின் மறுபக்கம் இலைகளையும் பூக்களையும் வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வெங்காய வேர். செல் பிரியும் நிலை ஏதேனும் இரண்டைத் தயாரித்துக் காட்டி, வரைந்து, பெயர் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பெரிய பங்கு அதற்குத்தான்.

ரங்கநாதன் என்றொரு பையன். வகுப்பில் முதல். தேர்வாளர், உள்ளே இடம் காட்ட முள் வைத்த அவன் நுண்ணோக்கியில் குனிந்தார். "எங்கப்பா?" "அதோ சார், முள்ளு முனையில, மெட்டாபேஸ்." "ம்" என்றார் தேர்வாளர். அடுத்த மேசை. "எங்கப்பா?" "இடது ஓரம் சார்." "ம்." அப்படியே பன்னிரண்டு மேசை. நான் மை ஒற்றும் தாளை வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எல்லாத் தாளிலும் படம் அழகாக இருந்தது. நடுநிலை, பிரிந்து போகும் நிலை, நூல் எண்ணிக்கைகூடப் பிசகாமல்.

பதின்மூன்றாவது கன்னியம்மா. அவள் தாளில் கட்டம் கட்டமாகச் செல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. கீழே, ‘இடைநிலை. பிரியும் நிலை எதுவும் தென்படவில்லை’ என்று எழுதியிருந்தாள்.

"தேடிப் பாரும்மா" என்றார் தேர்வாளர்.

"தேடிட்டேன் சார். மூணு ஸ்லைடு போட்டேன்."

"மத்தவங்களுக்கெல்லாம் கெடச்சிருக்கே."

அவள் மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தாள். அவர் ஓரத்தில் பென்சிலால் ஒரு சுழியம் போட்டுவிட்டு நகர்ந்தார்.

அவள் கை கழுவப் பின்பக்கம் வந்தாள். தொட்டிக்குப் பக்கத்து ஜன்னலில் வேர் நறுக்கிய வெங்காயங்கள் இன்னும் சீசாவின் மேலேயே உட்கார்ந்திருந்தன. ஒரு வெங்காயத்தைத் தூக்கினாள். சுண்டுவிரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தாள். அவள் நைனா அப்படித்தான் செய்வார் என்று முன்னொரு நாள் சொல்லியிருந்தாள். முகத்துவாரம் திறந்து கடல் ஏரிக்குள் எவ்வளவு வந்திருக்கிறது என்று நாக்கில் பார்த்துவிட்டுத்தான் எங்கே வலை போடுவது என்று முடிவு செய்வார்களாம். வெங்காயத்தை வைத்த இடத்திலேயே வைத்தாள். என்னைப் பார்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் போன பிறகு நானும் நாக்கில் வைத்தேன். உப்பு. கண்ணீர் மாதிரி உப்பு என்று எழுதினால் அழகாக இருக்கும், அப்படியெல்லாம் இல்லை, விடுதிப் பருப்பு வேகாத உப்பு.

அப்போது பத்தரை மணி இருக்கும். மதியச் சாப்பாட்டு மணி பன்னிரண்டரைக்கு அடித்தது. நடுவிலிருந்த ரெண்டு மணி நேரத்தில் நான் எட்டு முறை தாமோதரன் சார் பக்கத்தில் போனேன். எட்டு முறையும் சில்லு எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நிரந்தரக் கோப்பு கண் முன்னால் நின்றது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று ஒரு மனசு. சீசாவைக் கொட்டிக் கழுவிவிட்டால் போதும் என்று இன்னொரு மனசு. கை சீசா வரைக்கும் போனது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மதியம் சார் தன் அறையில் சாப்பாட்டு அடுக்கைத் திறந்து தயிர்சாதத்தில் கை வைத்திருந்தார்.

"சார், அந்த வேரு சரியில்ல சார்."

"எந்த வேர்?"

"பரீட்சைக்குக் குடுத்தது. தண்ணி உப்பு சார்."

அவர் கையை எடுத்தார். "எந்தக் கிணறு?"

"கெணறு இல்ல சார். பம்பு."

"எத்தன நாள்?"

"வச்ச நாள்லேர்ந்து."

"எப்பத் தெரிஞ்சுது?"

இந்தக் கேள்விதான் வரக்கூடாது என்று இருந்தேன். "பத்தரைக்கு சார். கன்னியம்மா நாக்குல வச்சிப் பாத்துச்சி. அதுக்கப்புறம் நானும் பாத்தேன்."

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல சார். ஆர்கிட்டயும் சொல்லல."

சார் எழுந்து கையைக் கழுவினார். சீசாவைக் கொண்டுவரச் சொன்னார். விரலை விட்டு நாக்கில் வைத்தார், கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "முந்தாநேத்து நான் வந்து வேரப் பாத்திருக்கணும். பாக்கல" என்றார். அடுக்கை மூடிவிட்டார். தயிர்சாதம் அப்படியே இருந்தது.

தேர்வாளர் அடுத்த அறையில் சாப்பிட்டு முடித்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் தண்ணீர் தம்ளரோடு வாசலில் நின்றேன். சார் விஷயத்தைச் சொன்னார். தேர்வாளர் கண்ணைத் திறக்காமலே, "பன்னெண்டு பேர் வரைஞ்சிருக்காங்க, தாமோதரன். மெட்டீரியல் கெட்டதுன்னா பன்னெண்டு பேருக்கு எப்படிக் கெடச்சுது?" என்றார்.

இல்லாததை வரைந்த பன்னிரண்டு படம், இருந்ததை வரைந்த ஒரு படத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் ஒரு தடவ பாத்துடறேன்" என்றார் சார்.

மதியம் எல்லோரும் அவரவர் மேசைக்கு வந்தார்கள். காலையில் போட்ட கண்ணாடிகள் அப்படியே நுண்ணோக்கியில் இருந்தன. சார் முதல் மேசையில் குனிந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். "காட்டுங்க" என்றார்.

ரங்கநாதன் குனிந்து திருகைத் திருகினான். கண்ணாடியை இப்படியும் அப்படியும் தள்ளினான். "இப்பதான் சார் இருந்துச்சு. நகந்துடுச்சு."

சார் மெதுவாக, "நேத்து காலையில ஸ்பிரிட்டுல செத்துப்போன செல் இன்னிக்கு எங்க நகரும், ரங்கநாதன்?" என்றார்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, தன் முறையும் வரப்போகிறது என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டான். சார் பதின்மூன்று மேசையும் போனார். யாரையும் திட்டவில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒரே வார்த்தை, ‘காட்டுங்க’. யாராலும் காட்ட முடியவில்லை.

தேர்வாளரும் எழுந்து வந்து மூன்று, நான்கு நுண்ணோக்கியில் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சாரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. "காலையிலயும் எனக்கு ஒண்ணும் தெரியல, தாமோதரன். கண்ணுல புரை விழுந்திருக்கு. ஆபரேஷனத் தள்ளிப் போட்டுட்டு வரேன். பசங்க காட்டறப்ப, அங்க இருக்குபோல, நமக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன்."

அந்த ஹாலில் அன்று எல்லோரும் ஒன்றுமில்லாததைப் பார்த்திருந்தோம், ஒரு ஆளைத் தவிர.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு சார் மாணவர்கள் முன்னால் வந்து நின்றார். "வேர் கெட்டது. அது துறையோட தப்பு, உங்க தப்பு இல்ல. பதினஞ்சு நிமிஷம் தரோம். வரைஞ்சத அடிச்சிட்டு, பாத்தத எழுதணும்னு நெனைக்கறவங்க எழுதலாம். பாத்தத எழுதினவங்களுக்கு முழு மதிப்பெண். நான் பாத்ததத்தான் வரைஞ்சேன்னு இருக்கறவங்க அப்படியே விட்டுடலாம்."

பேனாக்கள் காகிதத்தைக் கீறுகிற சத்தம் கேட்டது. பதினொரு பேர் அடித்தார்கள். அழகான படங்கள். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ரங்கநாதன் அடிக்கவில்லை. சிவந்த முகத்தோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னியம்மாவுக்கு அடிக்க எதுவும் இல்லை. பதினைந்து நிமிஷமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேர்வாளர் அவளுடைய தாளை எடுத்து, பென்சில் சுழியத்தை அவரே அழித்தார். அழித்த தடம் மட்டும் இருந்தது.

சாயங்காலம் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் மறித்துக் கேட்டேன். "ஏம்மா, தண்ணி உப்புன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா காலையிலயே தீந்திருக்குமே?"

"நீ சொல்வன்னு இருந்தேண்ணா."

"சொல்லாம இருந்திருந்தா?"

"நாஷ்டா கூடத் துன்னாம வந்தேன், தல சுத்திக்கினு இருந்திச்சி. இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருந்தா நானே போய் சொல்லியிருப்பேன். நீ சொன்னியே, வுடு. படகு போயிடும்ணா, வரேன்" என்று நடந்தாள்.

மறுநாள் தாமோதரன் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவருடைய கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். விதியை மீறி அடிபம்புத் தண்ணீரைப் பயன்படுத்தியதால் செய்முறைத் தேர்வின் வேர்கள் பயனற்றுப் போயின என்று என் பெயர் போட்டு எழுதியிருந்தார். அதற்குக் கீழே, நறுக்குவதற்கு முந்தின நாள் வேரைப் பார்வையிடத் தவறியது துறைத்தலைவரின் குற்றம் என்று தன் பெயரையும் எழுதியிருந்தார். "இது முதல்வருக்குப் போகும். ஏதாவது தப்பா இருந்தா சொல்லுங்க" என்றார். தப்பாக எதுவும் இல்லை. சொன்னது பத்தரை மணிக்கு இல்லை, பன்னிரண்டரைக்குத்தான் என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

நிரந்தரம் தள்ளிப் போனது. ரெண்டு வருஷத்துக்குப் பிறகுதான் வந்தது. அந்த ரெண்டு வருஷமும் சரோஜா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, ஆனால் வீட்டில் குழம்பு கொஞ்சம் உப்பாகிவிட்டால் மட்டும், "பம்புத் தண்ணி ஊத்திட்டேன் போல" என்பாள். ரங்கநாதனுக்கு முதல் வகுப்பு தவறிவிட்டது. பின்னால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தான். புதுவாயலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் டீக்கடையிலிருந்து அவன் சத்தம் வரும்: "இன்னாண்ணா ஏழுமலை, இன்னிக்குத் தண்ணி எப்படி? உப்பா, நல்லதா?" கடையே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு நிற்பேன். ரொம்பப் பேஜாராக இருந்த நாட்களில் அடுத்த பஸ் நிறுத்தம் வரை நடந்துவிடுவேன். அவன் அந்தப் படத்தை ஏன் அடிக்கவில்லை என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு, ஓய்வு பெறும் வரை, ஒவ்வொரு டின் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சீசாவில் ஊற்றினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு பயம், அது கடைசி வரைக்கும் போகவில்லை. இப்போதும் யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் முதல் வாயை நாக்கிலேயே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். கொடுத்தவர்கள் என்ன நினைப்பார்களோ.

அந்த வருஷம் ஜூலையில் கன்னியம்மா சான்றிதழ் வாங்க வந்தாள். தேறிவிட்டாள். ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் தண்ணீர் பார்க்கிற வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள். புது வகுப்புக்காக ஜன்னலில் சீசாக்கள் அடுக்கியிருந்தேன். பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனாள். ஒரு வெங்காயத்தைத் தூக்கி, சுண்டுவிரலை விட்டு நாக்கில் வைத்தாள். நான் கையில் பிரஷ்ஷோடு நின்றேன். பரீட்சை எழுதியவர்கள் முடிவுக்குக் காத்திருப்பார்களே, அப்படி.

"நல்ல தண்ணி" என்றாள். வெங்காயத்தை நேராக உட்கார வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கிளம்பிப் போனாள்.